மடிப்புப் பிரித்த பாவாடை

1984இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கில உரையாடல் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னையும் என் தோழி ஒருத்தியையும் அனுப்புவதாக ஏற்பாடு. போட்டி மயிலாப்பூரில். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புரசைவாக்கத்தில் 29சி பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். மூன்று பஸ்கள் வந்து போயின. அவள் வரவில்லை. இருவர் பேச வேண்டியதை ஒருத்தி எப்படிப் பேசுவது? அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை வகுப்பில், எல்லோர் காதிலும் விழும்படி அவளிடம் 'யூ சீட்டட் மீ' என்று கத்தினேன். ஆங்கில டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவள் உன் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாளா? பொய் சொல்லி எதையாவது பறித்தாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் அந்தச் சொல்லை அவள்மேல் போடாதே" என்றவர், கரும்பலகையில் 'ஷீ லெட் மீ டவுன்' என்று எழுதினார். அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு முழுப் பீரியடையும் அந்த இரண்டு சொற்களுக்கே கொடுத்தார்.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுகிற எல்லோரும் இந்த இடத்தில் தடுக்குவோம் என்று அவர் விளக்கினார். நமக்கு ஏமாற்றமும் ஏமாற்றுவதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நினைத்தது கிடைக்காத வருத்தத்துக்கும், திட்டமிட்டுச் செய்த மோசடிக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். ஆங்கிலத்தில் 'சீட்' என்றால் வஞ்சகம் இருந்தே தீர வேண்டும். 'லெட் டவுன்' என்பதில் வஞ்சகம் இருக்க வேண்டியதில்லை. நம்பியிருந்த ஒருவர் துணை நிற்கவில்லை, அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை.

'டிஸப்பாயிண்ட்' உடன் அதை ஒப்பிட்டுக் காட்டியதும் நினைவிருக்கிறது. மழை பெய்யாவிட்டால் அது 'டிஸப்பாயிண்ட்' செய்கிறது. மழையில் குடை விரியாவிட்டால் குடை 'லெட் டவுன்' செய்கிறது, ஏனென்றால் குடையை நம்பித்தான் கிளம்பினோம். மேடையில் கம்மிப்போன குரலும், பரீட்சை நேரத்தில் கைகொடுக்காத ஞாபகசக்தியும் அப்படித்தான். தமிழில் இதற்கு மிக அருகில் நிற்கும் சொல் 'கைவிடுதல்' என்றார். 'கெடுங்காலைக் கைவிடுவார்' என்று நட்பாராய்தலில் வரும் குறளை அவர் ஆங்கில வகுப்பில் சொன்னபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'காலை வாருதல்' இதற்குப் பொருந்தாது, அதில் கெட்ட எண்ணம் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார்.

இலக்கணத்தில் அவர் கண்டிப்பானவர். 'மீ', 'ஹர்' போன்ற சொற்கள் நடுவில்தான் வர வேண்டும். 'லெட் டவுன் மீ' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. இறந்த காலத்திலும் 'லெட்' மாறாது. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'டவுன்' மேல் விழும். பெயர்ச்சொல்லாக ஒட்டிச் சொன்னால் 'லெட்' மேல் விழும். இரண்டையும் எங்களை உரக்கச் சொல்ல வைத்தார்.

பிறகு மற்றப் பொருள்களுக்கு வந்தார். ராட்டினத்தில் கயிற்றைத் தளர்த்திக் கிணற்றுக்குள் வாளியை இறக்குவது 'லெட் டவுன்'. சைக்கிள் டயரில் காற்றை இறக்கிவிடுவதும் 'லெட் டவுன்'. (இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் காற்றை வெளியே விடுவதாகவே சொல்வார்கள்.) கன்று முட்டியதும் பசு பாலைச் சுரந்து விடுவதற்கும் இதே சொல்தான். கடைசியாக, "ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்கள் அம்மா பாவாடையின் அடி மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தருகிறாரே, அதுவும் 'லெட் டவுன்'" என்றார்.

என் தோழி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் பாவாடையைப் பார்த்தேன். வெளிறிப்போன நீலத்தின் நடுவே, முன்பு மடிப்புகள் இருந்த இடங்களில் மட்டும் வெளுக்காத மூன்று கருநீலக் கோடுகள். பிரிப்பதற்கு இனி மடிப்பு இல்லை. பாவாடை கணுக்காலுக்கு வெகு மேலே நின்றது. போட்டிக்குச் சரியான சீருடையில் வர வேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். இடைவேளையில் கேட்டேன். "அம்மாவிடம் புதுத் துணி கேட்க மனம் வரவில்லை. உன்னிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது" என்றாள். பலகையில் இருந்த வாக்கியத்தில் எழுவாயாக நான்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது லண்டனில் இந்தச் சொல்லை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். அணியின் மானத்தை வாங்கிவிட்டான் என்பதற்கு 'லெட் தி சைட் டவுன்'. வருத்தமான முடிவை மனம் நோகாமல் சொல்வதற்கு 'லெட் டவுன் ஜென்ட்லி'. 'லெட் யுவர் ஹேர் டவுன்' மட்டும் இன்றும் எனக்கு ஒட்டவில்லை. கூந்தலை அவிழ்த்துவிடுவது இவர்களுக்குக் கவலை மறந்து களிப்பது. தலைவிரிகோலம் என்றால் நம் ஊரில் சாவு வீடு, இல்லையென்றால் சபதம். இந்தச் சொற்றொடரைத் தமிழில் பெயர்க்க வேண்டி வந்தால் கூந்தலை விட்டுவிட்டு மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டும் அதே போட்டி நடந்தது. அம்மா எனக்கு எடுத்த சீருடைத் துணியிலேயே அவளுக்கும் ஒரு பாவாடை தைத்துக் கொடுத்திருந்தார். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே போனேன். புரசைவாக்கம் பஸ் நிறுத்தத்தில் புதுத் தாவணியின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் எனக்கு முன்பே நின்றிருந்தாள்.