அம்மா முன்னாடி, பையன் பின்னாடி: நீரோவோட ரெண்டு தங்கக்காசு

ரோமன் தங்கக்காசுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சக்கரவர்த்தி நீரோ பதவிக்கு வந்த புதுசுல அடிச்ச ரெண்டு ஔரியஸ் தான். சரித்திர புக்குல பக்கம் பக்கமா படிக்கிற அதிகாரச் சண்ட, 2 செ.மீ. தங்கத்துல கண்ணு முன்னாடியே நடக்குது.

கி.பி. 54 அக்டோபர்ல, முந்தின சக்கரவர்த்தி கிளாடியஸ் செத்துப்போறாரு, நீரோவுக்கு அப்ப 16 வயசு தான். கிளாடியஸ கல்யாணம் பண்ணி, அவரோட சொந்தப் பையன் பிரிட்டானிக்கஸ் இருக்கும்போதே நீரோவ தத்தெடுக்க வச்சு, பையன அந்த எடத்துக்குக் கொண்டுவந்ததே அம்மா அக்ரிப்பினா தான். அந்த வருஷக் கடைசில வந்த காசப் பாருங்க, அம்மாவும் பையனும் நேருக்கு நேரா, மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி, ரெண்டு தலையும் ஒரே சைஸ். அத விட முக்கியம் சுத்தி இருக்கிற எழுத்து. முன்பக்கம் முழுக்க அக்ரிப்பினாவோட பட்டம் தான், தெய்வமான (செத்தப்புறம் தெய்வமா அறிவிச்ச) கிளாடியஸோட மனைவி, நீரோ சீசரோட தாய்னு. சக்கரவர்த்தியோட பேரு பின்பக்கம், ஓக் இல வளையத்த சுத்தி! கிளாடியஸ் காலத்துலயே அக்ரிப்பினா தல காசோட பின்பக்கம் வந்தாச்சு, ஆனா இது வேற லெவல்.

அடுத்த வருஷமே, 55ல, எல்லாம் மாறிடுது. இப்ப ரெண்டு தலையும் ஒரே பக்கமா பாக்குது, நீரோ முன்னாடி, அம்மா அவருக்குப் பின்னாடி, நெத்தி மூக்கு வாய் மட்டும் ஓரமா தெரியுது. முன்பக்கம் நீரோ பேரு வந்துருச்சு, அம்மா பட்டம் பின்பக்கம் போயிருச்சு. அந்தப் பின்பக்கத்துல நாலு யான இழுக்கிற தேர், மேல தெய்வமான அகஸ்டஸும் (ரோமோட முதல் சக்கரவர்த்தி) கிளாடியஸும். அவ்ளோ சின்ன எடத்துல நாலு தும்பிக்கையையும் தனித்தனியா செதுக்கிருக்கான், அந்த அச்சு வெட்டினவன் கைய கும்பிடணும்.

அதுக்கப்புறம் ரோம்ல அடிச்ச தங்கக்காசுல நீரோ மட்டும் தான், அம்மாவ காணோம். 59ல அவரோட உத்தரவுலயே அவங்கள கொன்னுட்டாங்க.

64ல இன்னொரு மாற்றம், அதுவரைக்கும் ஒரு ரோமன் பவுண்டு தங்கத்துல 40 காசு அடிச்சது 45 ஆச்சு, காசு எடை கொறஞ்சுது. மூஞ்சியும் மாறிப்போச்சு, 54ல ஒல்லியா இருந்த பையன் இதுல தடிச்ச கழுத்து, தொங்குற தாடை, நெத்திக்கு மேல அல அலையா சுருட்டி விட்ட முடி. தன்ன இப்படிக் காட்டுறதுல அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்த மாதிரியே தெரியல.