கடலடியில் ஓர் ஊர்: லாங்சா

லாங்சாவில் வண்டி நின்றதும் ஒரு சிறுமி ஓடி வந்து உள்ளங்கையை நீட்டினாள். எலுமிச்சை அளவில் கறுப்புக் கல், இரண்டாகப் பிளந்தது. திறந்து காட்டினாள். உள்ளே வரிவரியாக ஒரு சுருள். எனக்குப் பாட்டியின் பூஜை அறை ஞாபகம் வந்துவிட்டது. அவள் தினமும் திருமஞ்சனம் செய்த சாளக்கிராமத்திலும் இதே சுருள்தான். அது நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்தது; இது இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு. இரண்டுமே அம்மோனைட்டின் எச்சம்.

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவு. மீன் கடையில் கிடைக்கிற கணவாயைச் சொல்கிறேன், மலைக் கணவாயை அல்ல. டைனோசர்களோடு சேர்ந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன கடல் உயிர். லாங்சாவோ சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு எட்டு வைத்தாலே எனக்கு மூச்சு வாங்கியது.

அம்மோனைட் மேலே ஏறி வரவில்லை. அது செத்து விழுந்த தரைதான் ஏறியிருக்கிறது. இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் தெற்கே கிடந்த காலத்தில் நடுவே இருந்தது டெதிஸ் கடல். இந்தியாவைச் சுமக்கும் பாறைத் தட்டு வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. விரித்த ஜமுக்காளத்தை ஒரு பக்கமிருந்து தள்ளினால் மடிப்பு விழுமே, அப்படிக் கடலடிச் சேறும் சுண்ணாம்பும் மடிந்து எழுந்தன. எதிர்ச் சரிவில் அந்த மடிப்புகள் அப்பட்டமாகத் தெரிகின்றன. தள்ளல் இன்னும் நிற்கவில்லை, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். 1975 ஜனவரியில் பக்கத்துக் கின்னோர் மாவட்டத்தை உலுக்கிய நிலநடுக்கமும் அதன் வேலைதான்.

கல் என்ன விலை என்று கேட்க வாய் திறந்தேன். எடுத்துப் போகக் கூடாது என்று ஓட்டுநர் தலையாட்டினார். படம் மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது.

திரும்பும் வழியில், நாக்கோ ஊர் வருவதற்குச் சற்று முன், மலிங் அருகே மண்சரிவு. ஜேசிபி வரும்வரை இரண்டு மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். மழையே அதிகம் எட்டாத ஊரில் மலை எதற்கு இப்படி உதிர்கிறது? பகலில் பனி உருகி வெடிப்புக்குள் இறங்குகிறது. ராத்திரி உறைந்து பருத்துப் பாறையைப் பிளக்கிறது. நாங்கள் இருந்தபோதே மேலிருந்து சரளைக் கல் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சரி, இதற்குமேல் படம் எடுக்க வேண்டாம் என்று தள்ளி உட்கார்ந்தேன்.

காப் பாலத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. சட்லெஜ் பிறப்பது மலைக்கு அந்தப் பக்கம், திபெத்தில். இவ்வளவு பெரிய இமயத்தைக் குறுக்கே அறுத்து எப்படி வந்தது? மலை இந்த உயரத்துக்கு வருமுன்பே ஆறு இருந்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். மரப்பட்டறையில் ரம்பம் நின்ற இடத்திலேயே சுழல, மரத்தை அதன்மேல் தள்ளுவார்கள் அல்லவா? மலை எழ எழ, ஆறு இருந்த இடத்திலேயே அறுத்தது.

கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. லாங்சாவின் பழைய கடலடியும் அதில் கொஞ்சம் கரைந்திருக்கும். சிந்துவில் கலந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய மண். நடுவில் பக்ரா அணை அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.