மோவாப் மலைப்பாதையில் மின்சார டிரக்கும் ஆல்-சீசன் டயரும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாப் பக்கம் ரிவியன் ஆர்1டி மின்சார டிரக்கை எடுத்துப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 21 அங்குல ஆல்-சீசன் (சாதாரண சாலைக்கான) டயரோடு மலைப்பாதையில் இறங்கலாமா என்பதுதான். ஷேஃபர் டிரெயில் மாதிரி காய்ந்த மண்பாதை என்றால் தாராளமாக இறங்கலாம், நானும் அதே டயரில்தான் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் ரீஜென் பிரேக்கிங்கே (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, காய்ந்த மணற்பாறையில் பிடிமானத்துக்கும் குறைவில்லை.

பயமெல்லாம் டயரின் பக்கச்சுவரை நினைத்துத்தான். வண்டி எடையே 3,000 கிலோவைத் தாண்டும், அவ்வளவு பாரமும் கூரான கல்லில் உரசினால் மெல்லிய பக்கச்சுவர் கிழிந்துவிடும், அங்கே பஞ்சர் ஒட்டிச் சமாளிக்கவும் முடியாது. வழக்கமான 48 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து காற்றைக் கொஞ்சம் இறக்கினால் குலுக்கல் குறையும், ரொம்ப இறக்கினால் ரிம் அடிபடும்.

ஈர மண் இன்னும் மோசம். டயர் பள்ளங்களில் சேறு அப்பிக்கொள்ளும், மோட்டாரின் உடனடி டார்க் (சுழற்றும் விசை) வேறு சக்கரத்தைச் சும்மா சுழலவைக்கும்.

கரடுமுரடான பாதைக்கான ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் இதெல்லாம் பெருமளவு சரியாகும், ஆனால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையும். சார்ஜர்கள் தூரம் தூரமாக இருக்கும் பகுதியில் அது சின்ன விஷயமா? அப்புறம், ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதற்குத் தனியாகக் காசு.