வளவு யார் பேரில்?

வீட்டைச் சுற்றிய வளவு மண்ணில் ஈயம் கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் ஊரில் முதலில் எழுந்த யோசனை சிரமதானம்தான். ஞாயிறு விடிய ஐம்பது பேர் மண்வெட்டியோடு இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்றார்கள் இளைஞர் கழகத் தம்பிமார். நல்ல மனசு. கோயில் மண்டபத்துக்கு வந்திருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கையெடுத்துக் கும்பிட்டு, "தயவு செய்து ஒருத்தரும் மண்வெட்டியத் தொட வேணாம்" என்றார். காய்ந்த மணலை ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கிளறினால் ஒரு வளவில் கிடக்கும் தூசி ஒழுங்கை முழுக்கப் பறக்கும். அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் கீழே வரும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில் எங்கள் ஊர் என்பது போதும். நான் மாதர் அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அதனால்தான் இந்தக் கோப்பு என் கைக்கு வந்தது.

கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில் இங்கே ஒரு பற்றரிக் கடை இருந்தது. பழுதான பற்றரியை உடைத்து, தகட்டை உருக்கி, திருத்தி விற்பார்கள். அசிட் வளவுக்குள்ளேயே ஊற்றப்பட்டது. அதை அப்போது ஒருவரும் குற்றமாக நினைக்கவில்லை. பற்றரி இருந்தால்தான் ரேடியோ பாடும். வெறும் பெட்டிகளைச் சனம் கேட்டு வாங்கிப் போனது. இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் இரண்டு மூன்று வீட்டு வாசலில் குரோட்டன் செடி நிற்பது அந்தக் கறுத்தப் பெட்டிகளில்தான். கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் அதில்தான். கடை மூடி வெகுகாலம். ஆனால் ஈயம் உக்குவதில்லை, மழையோடு ஓடிப் போய் முடிவதும் இல்லை. விழுந்த இடத்தில் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். எங்களுடையதைப் போல உரப்பிடிப்பில்லாத மணலில் அசிட்டும் சேர்ந்தால் கீழே இறங்கிக் கிணற்றையும் எட்டிப் பார்க்கலாம்.

மண் எடுத்துப் பார்க்க வந்த பிள்ளைகள் நில அளவைப் படத்தைக் கையில் வைத்திருந்தார்கள். படத்தில் கடை ஒரு வளவுக்குள் இருந்தது. அந்த வளவில் நூலடித்துக் கட்டம் கட்டி, மேல்மண்ணைக் கரண்டியால் எடுத்துப் பையில் போடத் தொடங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மனே, அங்க என்னத்தத் தேடுறீங்க? உலை இருந்தது இஞ்ச."

மாமி கை காட்டியது பக்கத்து வளவின் கோழிக்கூட்டை. 2004 சுனாமி எங்கள் ஊரில் வேலி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு வேலி போட்டபோது எல்லைகள் கொஞ்சம் இப்படி அப்படிப் போய்விட்டன. கடையின் பின்பக்கம் பக்கத்து வளவுக்குள் விழுந்துவிட்டது. படத்துக்கு அது தெரியாது. மாமிக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாளில் பொது வேலியோரம் அவர் நட்ட முருங்கை மூன்று தரம் பட்டுப்போனது. "இந்த மூலையில புல்லும் முளைக்காது புள்ள, நான் செய்வினை எண்டுதான் நினைச்சன்" என்றார். கோழிக்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார்கள். ஒரு சாணுக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் ஒரு படை. அதற்குள் நகத்தளவு தகட்டுத் துண்டுகள், கறுத்த பிளாஸ்டிக் சில்லுகள். ஆய்வுகூட அறிக்கை வந்தபோது முதல் வளவில் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் மாமி காட்டிய மூலையில்தான்.

அறிக்கையில் ஒப்பிட்டிருந்தது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் அளவோடு. அங்கே வீட்டு மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் என்பதை 1994இலிருந்து எல்லையாக வைத்திருந்தார்கள்; 2024 ஜனவரியில் அதை 200 ஆக இறக்கினார்கள். கோழிக்கூட்டு மூலை பழைய கணக்கிலும் தாண்டியது, புதிய கணக்கிலும் தாண்டியது. சின்னப் பிள்ளைகள் விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களை விட நாலைந்து மடங்கு அதிகமாக உடம்பில் ஏற்றிக்கொள்வார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்றும் சொல்கிறது. தவழ்ந்துவிட்டுக் கையை வாயில் வைக்காத பிள்ளை எங்கே இருக்கிறது?

சரி, மண்ணை அள்ளும் வரை என்ன செய்வது? அங்கேதான் பெண்கள் கூட்டம் சூடானது. எங்கள் பக்கத்தில் விடிய எழும்பி வளவு கூட்டாத வீடு வீடல்ல. ஈர்க்குக்கட்டின் கோடு மணலில் தெரிய வேண்டும். "கூட்டாதீங்க" என்றால் ஒருத்தியும் கேட்கமாட்டாள் என்று பி.எச்.ஐ.க்கு நான்தான் சொன்னேன். கடைசியில் இப்படி முடிவானது: தண்ணீர் தெளித்து, மண் நனைந்த பிறகு கூட்டுவது; அந்த இரண்டு வளவிலும் கோழிக்கூட்டுப் பக்கத்தை விட்டுவிடுவது; செருப்பை வாசலிலேயே கழற்றுவது; வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடைப்பது. வாசல் தெளிப்பது எப்படியும் எங்கள் பழக்கம் என்பதால் இதில் சண்டை வரவில்லை.

சண்டை வந்தது ஈயக்குண்டில். வீச்சுவலைக்குக் குண்டு வார்ப்பதற்குப் பழைய பற்றரித் தகட்டைக் குசினி அடுப்பிலேயே உருக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் அப்பா செய்தவர்தான். வளவை ஒரு பக்கம் துப்புரவாக்கிக்கொண்டு மறுபக்கம் அடுப்பில் ஈயம் உருக்கினால் என்ன பிரயோசனம்? மீன்பிடிச் சங்கத்தில் ஒருவர், "அப்ப நாங்க வலைக்குக் கல்லையா கட்டுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் வார்த்த குண்டைச் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் என்று பேசித்தான் அவர் இறங்கி வந்தார்.

கூட்டத்தில் நான் செனகல் நாட்டுக் கதையைச் சொன்னேன். தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சூர் மேர் என்ற ஊர், அதுவும் கடலோரம்தான். பழைய பற்றரி உடைத்த இடத்து மண்ணை அரித்து, ஈயத் துண்டு பொறுக்கி விற்றுப் பெண்கள் பிழைத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் செத்துப்போனார்கள். நைஜீரியாவின் சம்பாராவில் இன்னும் மோசம். வீட்டு வளவில் தங்கக் கல்லை இடித்து அரைத்ததில் ஈயத்தூசி பரவி, 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள்; அது தெரியவந்தது 2010இல். அங்கே வளவு வளவாக மேல்மண்ணை வழித்து நல்ல மண் போட்டவர்களில் உள்ளூர்ச் சனமும் இருந்தது. வளவு சுத்தமாகாமல் பிள்ளைக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்பதால் முதலில் மண், பிறகுதான் வைத்தியம். பகேகா என்ற ஊரின் முறை வர 2013 ஆகிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சாவும் இல்லை. அளவிலும் பக்கத்தில் நிற்காது. ஆனால் மண் முதலா மருந்து முதலா என்ற கேள்விக்கு அங்கிருந்து பதில் கிடைத்தது.

இனி, ஊர்ப் பெயரை மறைத்த காரணம். மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே நஞ்சு மண் என்று ஒரு வளவுக்குப் பெயர் வந்தால் அது காணி விலையோடு நிற்காது, ஒரு பெட்டையின் கலியாணத்தில் போய் முட்டும். மண் அள்ளுவது பற்றிய கூட்டத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ "குடும்பத் தலைவர்" பேரில், அதாவது புருஷன்மார் பேரில் வந்தது. கூட்டத்துக்கு அவர்கள் வந்தார்கள், வரவுப் பதிவில் ஒப்பம் வைத்தார்கள், பற்றிஸ் சாப்பிட்டார்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றார்கள். அடுத்த நாள் கோழிக்கூட்டு வளவுக்காரி கேற்றைப் பூட்டிவிட்டார். "சம்மதம் குடுத்தவர் அவர், காணி உறுதி இருக்கிறது என்ட பேரில" என்றார். இதில் என்ன பிழை இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு வந்த எத்தனையோ திட்டங்களில் சமூகப் பங்களிப்பு என்று பெயர் பண்ணி எங்களை மண் சுமக்கத்தான் கூப்பிட்டார்கள். வளவு யாருடையது, அதில் யார் எழும்பி யார் படுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் நானும் முருங்கை மாமியும் அவர் வீட்டுக்குப் போனோம். அலுவலகத்து ஆட்கள் யாரும் இல்லாமல், அடுக்களை வாசலில் இருந்து பேசினோம். அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது. கேட்டது மூன்று விஷயம்: மண் அள்ளும் நாளில் ஊர் கூடி வேடிக்கை பார்க்கக் கூடாது, பழைய மண் கண்ட கண்ட இடத்தில் போய் விழக் கூடாது, வேலை முடிந்ததும் மண் நல்லது என்று ஒரு கடிதம் வேண்டும்.

முதலாவதை நிறைவேற்றினோம். முகமூடி, கையுறை போட்டு ஆறு பேர் மட்டும். மண்ணை நனைத்து, ஓரடி ஆழத்துக்கு வழித்து, தடித்த பொலித்தீன் பையில் கட்டினார்கள். வழித்த குழியில் தறப்பாள் விரிப்பைப் போட்டு, வெளியிலிருந்து பெர்மிட்டோடு வந்த மண்ணை நிரப்பிப் புல் வைத்தோம். அடியில் விரிப்பு இருந்தால் நாளைக்கு யாராவது வாழை நட ஆழமாகத் தோண்டினாலும் மண்வெட்டி அதில் தட்டுப்படும். பற்றரிப் பெட்டியில் நின்ற குரோட்டன்களைத் தம்பிமார் சீமெந்துச் சட்டிக்கு மாற்றினார்கள். சிரமதான ஆசை அதில் தீர்ந்தது.

இரண்டாவது பாதியில் நிற்கிறது. பைகள் இப்போது பழைய கடையின் சீமெந்துத் தரையில், கூரைக்குக் கீழே பூட்டிக் கிடக்கின்றன. சாதாரணக் குப்பைமேட்டுக்கு அனுப்ப நாங்களே சம்மதிக்கவில்லை. குப்பைமேட்டுக்குப் பக்கத்திலும் தவழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறோம்.

மூன்றாவதுதான் இழுபறி. புதிய மண்ணைச் சோதித்த ஆய்வுகூட அறிக்கை கையில் இருக்கிறது, ஆனால் அது இங்கிலீசில் இருக்கும் இலக்கம். கலியாணப் பேச்சில் அதை யாரிடம் காட்டுவது? தமிழில், வளவுக்காரியின் பேரைப் போட்டு, ஒரு முத்திரையோடு வேண்டுமாம். பி.எச்.ஐ. தன் வேலை அதுவல்ல என்கிறார், கிராம சேவகர் மேலே கேட்க வேண்டும் என்கிறார். வரும் வெள்ளிக்கிழமைச் சங்கக் கூட்டத்துக்கு இருவரையும் கூப்பிட்டிருக்கிறேன். அழைப்பிதழ் இந்த முறை பெண்கள் பேரில் போயிருக்கிறது.