கடுப்புக்கு ஒரு வார்த்தை

முந்தாநாள் சித்தி மகளையும் பக்கத்து லைனில் இருக்கும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரியை அடுத்த அரவேனு பக்கம் தேயிலைச் சரிவில் ஓடை வரைக்கும் இறங்கிப் போனேன். திரும்பி வரும்போது பாதி வழியில் ஜீப் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நேற்று லேசாக ஒரு பிடிப்பு. இன்று காலை பார்த்தால் மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார்கள். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு படி.

மூவரும் நர்ஸிங் முடித்தவர்கள். இங்கிலாந்து போவதற்காக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து நான் ஒரு மாத லீவில் கோத்தகிரி வந்திருப்பது தெரிந்ததும், தினமும் காலையில் பேசிப் பழக வருகிறார்கள். இன்று புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன்.

"தொடையை அழுத்திப் பாருங்க. இப்போ அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"லெக் பெயின்" என்றாள் சித்தி மகள். "பாடி பெயின்" என்றாள் இரண்டாவது பெண். மூன்றாவது பெண் கொஞ்சம் யோசித்து, "மசில் ஸ்ப்ரெயின், அக்கா" என்றாள்.

இந்த மூன்றையும் நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுப் பட்ட பாட்டைத்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

2022 கடைசியில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. முதல் வாரப் பயிற்சியில் காதில் அடிக்கடி விழுந்த சொல் 'ப்ரெஷர் சோர்'. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் குதிகாலிலும் இடுப்பெலும்பிலும் முதுகின் அடியிலும் தோல் அழுந்திப் புண்ணாகிவிடும். நேரத்துக்கு நேரம் அவர்களைத் திருப்பிப் படுக்க வைத்து, தோலின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பள்ளிக்கூட அகராதியிலும் 'சோர்' என்றால் புண் என்றுதான் படித்திருந்தேன். அதனால் அந்தச் சொல் எனக்குள் புண்ணாகவே உட்கார்ந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை என்னோடு வேலை பார்க்கும் பெண், நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் பிடித்து மெல்ல உட்கார்ந்துகொண்டே, "ஐ ஆம் ஸோ சோர்" என்றாள். எனக்குப் பதறிவிட்டது. எங்கே புண், மருந்து போட்டாயா என்று கேட்டேன். அவள் தொடையைத் தட்டிக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் ஸ்குவாட் செய்ததாகச் சொன்னாள். அப்புறம் என் காது வேறு ஒரு வழி காட்டியது. சோர், சோர்வு. தமிழில் இருக்கிற வேர் அப்படியே இருக்கிறதே, அசதியாக இருக்கிறது என்கிறாளோ என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் இல்லை. அவளுக்கு அசதியே கிடையாது. அன்று முழுக்க என்னைவிட வேகமாக வேலை செய்தாள். உட்காரும்போதும் எழும்போதும் மட்டும் முகம் சுளித்தாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து எனக்கே அது வந்தது. ஷெஃபீல்டை ஒட்டியே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் இருக்கின்றன. கூட வேலை செய்கிறவர்கள் மாம் டோருக்குக் கூட்டிப் போனார்கள். உயரம் 517 மீட்டர். நான் கோத்தகிரியில் பிறந்தவள், வீடு இருப்பதே அதைப்போல மூன்று மடங்கு உயரத்தில். ஏறும்போது மூச்சுகூட வாங்கவில்லை. கல்படி வழியாக இறங்கியதுதான் நீண்ட நேரம். இரண்டாம் நாள் காலை கட்டிலை விட்டு எழுந்தபோது கெண்டைக்கால் கல்லாக இருந்தது. வேலைக்குப் போனதும் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம், "ஐ ஹேவ் லெக் பெயின்" என்று சொன்னேன்.

நம் ஊரில் 'கால் வலிக்குது' என்றால், "உட்காரு, டீ குடி" என்பார்கள். அங்கே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. எந்தக் கால், எந்த இடம், வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, சமீபத்தில் விமானத்தில் வந்தாயா என்று வரிசையாகக் கேள்வி. கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினேன். ஆமாம், விமானத்தில் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றேன். உடனே வீட்டுக்கு அனுப்பி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு சிலருக்குக் கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடும்; அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவர் செய்தது சரி. ஆனால் எனக்கு இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி இருந்தது, மலை இறங்கிய மறுநாளுக்கு மறுநாள் வந்தது என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இரண்டு நாள் சம்பளம் போனது. வாடகை கட்டும் வாரம் அது. அந்த இரண்டு நாள் காசு எனக்கு எவ்வளவு பெரிது என்பதைப் புதிதாக ஊர் மாறிப் போனவர்கள் அறிவார்கள்.

கிளினிக்கில் இருந்த நர்ஸ் இரண்டு காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு, வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்டார். மலை ஏறினேன் என்றேன். "ஓ, யூ ஆர் ஜஸ்ட் சோர்" என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அதற்கு அங்கே ஒரு முழுப் பெயரே உண்டு: டிலேய்ட் ஆன்செட் மசில் சோர்னஸ். சுருக்கி 'டாம்ஸ்' என்கிறார்கள். தாமதமாகத் தலைகாட்டும் தசைக் கடுப்பு. 1902ஆம் வருஷமே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழகாத வேலையால் தசைக்குள் ஏற்படும் சிறு சிதைவுதான் காரணம் என்று அப்போதே கருதினார். லாக்டிக் அமிலம் தேங்கிவிடுவதால் வருகிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தோடு கலந்து வெளியேறிவிடும். இரண்டாம் நாள் வரும் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. தசை சுருங்கி வேலை செய்யும்போது இவ்வளவு சேதம் இல்லை. பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் இழைகள் நுண்ணிதாகக் கிழிகின்றன. இறங்கும்போது தொடையின் முன்தசை அதைத்தான் செய்கிறது, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுவதுபோல. 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதே சரிவில் சில நாள் கழித்து மறுபடி இறங்கினால் முன்னைவிடக் குறைவாகத்தான் வலிக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "இதுக்குப் படிக்கணுமா? ஏறினா மூச்சு வாங்கும், இறங்கினா முட்டி வாங்கும்" என்றார். முப்பது வருஷம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர். செடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து, மறுபடி மலைக்குப் போகிற முதல் வாரம் கை தூக்க முடியாது, இரண்டாம் வாரம் தெரியாது என்பதும் அம்மாவுக்குத் தெரியும்.

அம்மாவின் பேச்சில்தான் எனக்குச் சரியான சொல் கிடைத்தது: கடுப்பு. 'கால் கடுக்க நின்றேன்' என்கிறோமே, அந்தக் கடுப்பு. இப்போது இளவட்டங்கள் எரிச்சலுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். 'சோர்' என்பதற்கு இவ்வளவு நெருக்கமான வேறு சொல் தமிழில் எனக்குத் தெரியாது. வேலை செய்ததால் வந்தது, அழுத்தினால் தெரிவது, போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 'பெயின்' அப்படி இல்லை. அதைச் சொன்னதும் அங்குள்ளவர்கள் காதில் உடம்பில் ஏதோ கோளாறு என்றுதான் விழுகிறது.

ஆனால் 'சோர்' கற்றுக்கொண்டதோடு முடியவில்லை. வேலையில் அந்தச் சொல் இன்னும் புண்தான். ஒரு தாத்தாவுக்கு பிசியோதெரபி பயிற்சி கொடுத்த மறுநாள், பதிவேட்டில் 'சோர் லெக்ஸ்' என்று எழுதிவிட்டேன். இரவு ஷிஃப்ட் நர்ஸ் அதைப் படித்துவிட்டு, போர்வையை விலக்கி அவர் குதிகாலை டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். தாத்தாவின் தூக்கம் கெட்டது. பயிற்சிக்குப் பிறகு தொடைத் தசையில் வலி, தோலில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் எழுதுகிறேன். எந்த இடம், எதனால், எப்போதிலிருந்து. இந்த மூன்றும் இருந்தால் ஒற்றைச் சொல் தவறினாலும் காரியம் கெடாது.

'கால்' என்ற நம் சொல்லே ஒரு சிக்கல். இடுப்புக்குக் கீழே பாதம் வரை நமக்கு எல்லாம் கால்தான், தோளிலிருந்து விரல் வரை எல்லாம் கைதான். அவர்களுக்கு லெக் வேறு, ஃபுட் வேறு. ஆர்ம் வேறு, ஹேண்ட் வேறு. "மை ஹேண்ட் ஹர்ட்ஸ்" என்று சொல்லி நான் தோள்பட்டையைக் காட்ட, எதிரில் இருந்தவர் குழம்பிப்போய் என் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறார்.

அந்தத் தோள்பட்டைக் கதையில்தான் எனக்கு இன்னும் ஆதங்கம் இருக்கிறது. போன வருஷம் ஒருவரைப் படுக்கையில் திருப்பும்போது தோளில் சுரீர் என்று ஒரு இழுப்பு. அந்த நிமிஷமே வந்த வலி. கடுப்பு அப்படி வராது. ஆனால் முன்பு பட்ட பயத்தில், மறுபடி சம்பளம் போகக் கூடாது என்று, "ஜஸ்ட் எ பிட் சோர்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் பாரம் தூக்கினேன். கடைசியில் பிசியோ பார்த்துவிட்டு, இது ஸ்ட்ரெயின், தசை இழை நிஜமாகவே கிழிந்திருக்கிறது, அன்றே சொல்லியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும் என்றார். ஆறு வாரம் ஆனது. "ஐ ஃபெல்ட் இட் புல்" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"அப்போ ஸ்ப்ரெயின் தப்பா அக்கா?" என்று மூன்றாவது பெண் கேட்டாள். தசையோ, அதை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ இழுபட்டால் ஸ்ட்ரெயின், மூட்டில் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் இழுபட்டால் ஸ்ப்ரெயின். கணுக்கால் மடங்கினால் வருவது அது. நாம் கழுத்துப் பிடிப்பையும் ஸ்ப்ரெயின் என்கிறோம், அங்கே அதற்கு 'ஸ்டிஃப் நெக்'. ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தால் 'கிராம்ப்'. காய்ச்சலில் வரும் உடம்பு வலிக்குப் 'பாடி பெயின்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "ஐ ஆம் ஏக்கிங் ஆல் ஓவர்" என்பார்கள். ஏக் என்பது விடாமல் மந்தமாக இருக்கும் வலி, நம் குடைச்சலுக்குப் பக்கத்தில் வரும். இன்னொன்றும் சொன்னேன், நர்ஸுகளுக்குத் தெரிந்ததுதான் என்றாலும்: கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, பலம் போய், சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் வந்தால் அது கடுப்பு இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

அம்மா அப்போது வெந்நீர் வாளியோடு வந்தார். "உங்க அம்மாயியும் இப்படித்தான் பட்டுச்சு" என்றார். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்தார்கள். எங்களைப்போல் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கினார்கள். அம்மாயிக்கு இது புது நாடு. வந்த புதிதில் கவாத்து வெட்டி முடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், "கையெல்லாம் உளையுதுங்க ஐயா" என்று சொல்லியிருக்கிறார். இலங்கையில் உளையுது என்றால் கடுக்கிறது என்று பொருள்; இங்கே உளைச்சல் என்றால் மனசுக்கு வருவது. ஆஸ்பத்திரியில் இருந்தவர் நாட்டை விட்டு வந்த துக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டாராம். பேசினது தமிழ், கேட்டதும் தமிழ். கை வலியோடு அம்மாயி வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். எனக்கு இது இதுவரை தெரியாது. ஷெஃபீல்டிலிருந்து போனில் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன், அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, சித்தி மகளின் தொடையில் அம்மா ஒத்தடம் கொடுத்தார். அப்புறம் உள்ளங்கையில் நீலகிரித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக் கெண்டைக்காலில் தடவினார். வீடு முழுக்க யூகலிப்டஸ் வாசனை. இதனால் சீக்கிரம் ஆறுமா என்றால் சொல்ல முடியாது, ஆனால் இதமாக இருக்கும்.

"இப்போ சொல்லு" என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "மை தைஸ் ஆர் சோர். போத் சைட்ஸ். ஐ வாக்ட் டவுன்ஹில் டூ டேஸ் அகோ. ஐ ஆம் நாட் ஹர்ட்."

"என்ன சொல்றா?" என்று கேட்டார் அம்மா.

"ரெண்டு தொடையும் கடுக்குதாம். முந்தாநாள் சரிவுல இறங்கினதாலயாம். அடி ஒண்ணும் படலையாம்."

"அது சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.