கல்யாண கேசட்: மேல் ஓரத்து ஆட்டம் ஒருவழியாக நின்றது

பழைய விஎச்எஸ் கல்யாண கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முகூர்த்தக் காட்சியில் மேலே தொங்கும் மாவிலைத் தோரணம் மட்டும் வலப்பக்கம் இழுபட்டு ஆடிக்கொண்டே இருந்தது. கீழே ஐயர், ஹோமம், மணமக்கள் எல்லாம் நேராக. மேலே உள்ள இரண்டு விரற்கடைக்கு மட்டும் பேய் பிடித்த மாதிரி ஆட்டம். அது நின்றுவிட்டது. கேசட் ஓட்டும் டெக்கை (விசிஆர்) மாற்றவில்லை, படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கேப்சர் டாங்கிளையும் மாற்றவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரைச் செருகியதுதான் வைத்தியம்.

கேசட் 1990களின் கல்யாண வீடியோ. ஈ-180 (மூன்று மணி நேரம்), பால் (நம் ஊர் டிவி முறை), எஸ்பி என்ற சாதாரண வேகம். டெக் நான்கு ஹெட், பின்னால் காம்போசிட் (நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் வருவது) மட்டும். ஹெட் துடைப்பது, ஓட்டுவதற்கு முன் கடைசிவரை ஃபார்வர்டு செய்து ரீவைண்ட் செய்வது எல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று: வீடியோ ஹெட்டில் காட்டன் பட்ஸ் கூடவே கூடாது. நூல் மாட்டினால் ஹெட் முனை போச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோல், டிரம்மைக் கையால் சுற்றிக் கிடைமட்டமாக மட்டும். மேலும் கீழும் தேய்த்தால் புது ஹெட்டுக்கு எங்கே போவது? கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

இப்போது அந்த ஆட்டம். பால் டெக்கில் டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. நான்கில் எஸ்பி வேகத்துக்கென்று எதிரெதிரே இருக்கும் இரண்டு ஹெட்டில் ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டைப் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக, பாதிப் படம்) படிக்கும். ஒன்று டேப்பை விட்டு விலகி மற்றது தொடும் இடம் படத்தின் கடைசிச் சில வரிகளில் வரும். அடியில் தெரியும் கிழிசல் அதுதான். பதிவு செய்தபோது டேப் எவ்வளவு இறுக்கத்தில் இருந்ததோ அதே இறுக்கம் இப்போதும் இருந்தால், அடுத்த ஹெட்டின் முதல் வரி சரியான நேரத்துக்கு வரும். டேப் நீண்டிருந்தாலோ, டெக்கில் டேப்பை இறுக்கமாக வைக்கும் பேக் டென்ஷன் பேண்டில் ஃபெல்ட் தேய்ந்திருந்தாலோ சில மைக்ரோ செகண்டு முன்னே பின்னே ஆகும். ஒரு வரி மொத்தமே 64 மைக்ரோ செகண்டு என்பதால், அதில் சில மைக்ரோ செகண்டு பிசகினாலே கண்ணில் படும். பழைய பிக்சர் டியூப் டிவி இதைச் சில வரிகளுக்குள் சமாளித்துவிடும், அதுவும் திரைக்கு வெளியே முடிந்துவிடும். டாங்கிளில் இருக்கும் சிப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஃபீல்டின் முதல் 30, 40 வரிவரை தடவிக்கொண்டே வந்து பிறகுதான் பிடிமானம் கொள்ளும். அந்தத் தடவல்தான் தோரணத்தின் ஆட்டம்.

மேல் ஓரம் மட்டும் கெட்டால் வெட்டிவிடலாம். இதோடு வரும் இன்னொரு தொல்லைதான் பெரிது. சிங்க் (ஒவ்வொரு வரியும் ஃபீல்டும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் துடிப்பு) அடியோடு தவறும் இடங்களில் சிப் ஒரு ஃப்ரேமையே விழுங்கிவிடும். ஆடியோ தன் கடிகாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 25 ஃப்ரேம் போனால் ஒரு விநாடி. தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் முழங்குகிற கல்யாண வீடியோக்கள் யூடியூபில் நிறையக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். எடிட்டிங்கில் ஆடியோவை நகர்த்தி ஒட்டுவது வெட்டி வேலை. ஒரு இடம் சேர்ந்தால் அடுத்த இடம் விலகும்.

ரெக்கார்டர் விஷயத்துக்கு வருகிறேன். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர்களிடம் பேர் பெற்ற டிவிடி ரெக்கார்டர்கள். டிஸ்க்கில் பதிவு செய்ய வேண்டியதில்லை. டெக்கிலிருந்து காம்போசிட் உள்ளே, எஸ்-வீடியோ வெளியே, அங்கிருந்து டாங்கிளுக்கு. உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் டிஜிட்டலாக மாற்றி, சீரான சிங்க் போட்டு வெளியே தள்ளும். டாங்கிளுக்குக் கிடைப்பது சுத்தமான சிக்னல். எஸ்-வீடியோவில் வருவதால் நிறமும் வெளிச்சமும் தனித்தனியே போகும். சிவப்புப் புடவை ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஊர்வதும் குறைகிறது. ஆடியோவை மட்டும் டெக்கிலிருந்து நேராக டாங்கிளுக்குக் கொடுக்காமல் இதையும் ரெக்கார்டர் வழியாகவே கொண்டுவருவது நல்லது. படம் உள்ளே போய்வரும் தாமதம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

வாங்கும்போது கவனம். அமெரிக்காவிலிருந்து வரும் செட் 120 வோல்ட், என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) மட்டும். மலிவாக இருக்கிறது என்று வரவழைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் தேடாதீர்கள், நம் கேசட்டுக்கு அது எப்படியும் உதவாது. பின்பக்க லேபிளில் 220-240 வோல்ட், பால் இரண்டும் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரணில் இப்படிப்பட்டவை கிடைக்க வாய்ப்பு அதிகம். டிரைவ் செத்துப்போன செட் அடிமாட்டு விலைக்கு வரும். நமக்கு டிரைவ் தேவையில்லை என்பதால் லாபம்தான். ஆனால் டிரைவ் பழுதானால் சில செட்கள் ஆன் ஆகும்போதே செல்ஃப் செக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒரு செட்-டாப் பாக்ஸை இன்புட்டில் மாட்டி, படம் வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எஸ்-வீடியோ கேபிள் சென்னை ரிச்சி தெருவில் இன்னும் தேடினால் கிடைக்கிறது. தடிமனானது வாங்குங்கள். மெல்லிசாக வருவதில் பின்கள் வளைந்தே வருகின்றன.

மாட்டியவுடன் முதல் வேலை, ரெக்கார்டர் மெனுவில் லைன்-இன் என்ஆர் (உள்ளே வரும் படத்தின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) என்பதை ஆஃப் செய்வது. இதை விட்டால் முகமெல்லாம் மெழுகு. சோதிக்க நல்ல இடம் அட்சதை போடும் காட்சி. அரிசி மணி ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டில் ஒரு இடம், அடுத்த ஃபீல்டில் வேறு இடம். என்ஆர் கண்ணுக்கு அது வெறும் இரைச்சல், துடைத்துவிடும். கைகள் மட்டும் உயரும், அட்சதை விழாது. ஆஃப் செய்து அதே இடத்தை ஓட்டினால் மணிகள் திரும்ப வந்துவிடுகின்றன. படத்தில் கொஞ்சம் பொரிபொரி கூடும், பரவாயில்லை. அதைப் பின்னால் மென்பொருளில் அளவோடு குறைக்கலாம், தொலைந்த அரிசியை யாரும் கொண்டுவர முடியாது.

இரண்டாவது வேலை வேட்டி. அந்தக் கால கல்யாணங்களில் வீடியோகிராபருக்குப் பின்னால் ஒரு பையன் சன் கன் லைட்டைப் பிடித்து நிற்பான். பட்டு வேட்டி, சட்டை இரண்டும் வெளுத்துப் போய் மடிப்பே தெரியாது. விர்ச்சுவல்டப் மென்பொருளின் கேப்சரில் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளின் வரைபடம்) திறந்து, மாப்பிள்ளை நிற்கும் காட்சியை ஓட்டி, அது வலப்பக்கச் சிவப்புக்குள் போகாத அளவுக்கு கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். பிறகு பிரைட்னஸ், கறுப்புக்கு. குறைத்தும் வேட்டி சாம்பல் நிறத்தில் தட்டையாகவே இருந்தால், வெளுப்பு டேப்பிலேயோ ரெக்கார்டரிலேயோ முன்பே நடந்துவிட்டது. அதற்கு மேல் திருகிப் பயனில்லை.

மற்ற கேப்சர் அமைப்புகள்: 720-க்கு 576, விநாடிக்கு 25 ஃப்ரேம், நிற வடிவம் ஒய்யுஒய்2, தரம் குறையாமல் சுருக்க ஹஃப்ஒய்யுவி. மணிக்கு 30 முதல் 35 ஜிபி ஆகும், ஒரு கேசட்டுக்கு 110 ஜிபி ஒதுக்கிவையுங்கள். டைமிங் அமைப்பில் ஆடியோவை இழுத்துச் சுருக்கும் ரீசாம்பிள் வேண்டாம். டிராப் (விட்டுப்போன ஃப்ரேம்), இன்செர்ட் (இடையில் செருகிய ஃப்ரேம்) எண்ணிக்கை இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கங்கே ஒன்றிரண்டாக இரண்டும் ஏறினால் சிங்க் கோளாறு. திடீரென்று கொத்தாக டிராப் மட்டும் ஏறினால் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எழுதும் வேகம் பற்றவில்லை என்று அர்த்தம், ரெக்கார்டரைக் குறை சொல்லாதீர்கள். ரெக்கார்டர் வைத்த பிறகு முகூர்த்தப் பகுதியில் இரண்டுமே பூஜ்யம். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் தீரவில்லை. வரவேற்புப் பகுதியில் சில இடங்கள் இன்னும் நெளிகின்றன, மேல் ஓரம் மட்டுமல்ல, முழுப் படமும். காரணம் ஸ்டூடியோவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தது கேமரா கேசட் அல்ல, பூ விரிவது, இதய வடிவத்தில் மணமக்கள் சுழல்வது எல்லாம் சேர்த்து, சினிமாப் பாட்டு போட்டு மிக்ஸ் செய்த இரண்டாம் தலைமுறைக் காப்பி. டிஜிட்டல் எஃபெக்ட் மிக்சர் வழியாகப் போன காட்சிகளில், மிக்சர் தன் சொந்த சிங்க்கைப் புதிதாகப் போட்டிருக்கும். முதல் கேசட்டின் நெளிவு படத்துக்குள்ளேயே வெந்துபோயிருக்கும். சிங்க் நேர், படம் கோணல். எந்த ரெக்கார்டர் வைத்தாலும் சிங்க்கைப் பார்த்துத்தான் திருத்தும், படத்தைப் பார்த்து அல்ல. எஃபெக்ட் வரும் இடத்தில் நெளிவும், நேராக வெட்டி ஒட்டிய இடத்தில் சுத்தமும் என்று மாறி மாறி வந்தால் இதுதான் என்று முடிவுகட்டி விட்டுவிடலாம்.

கேசட் ஜன்னலில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நல்ல டெக்கில் போடவே போடாதீர்கள். வித்து டிரம், ரோலர் எல்லாவற்றிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். கடலோர ஊர்க் கேசட்டுகளில் இது சாதாரணம். அடியில் ஐந்து ஸ்க்ரூ, கழற்றி ரீலைப் பார்த்துவிட்டு, அதற்கென்றே ஒரு ஓட்டை டெக்கை ஒதுக்கி, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியின் மேல் ஓட வைத்துத் துடைக்கலாம். மாஸ்க் கட்டாயம்.

டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழு ஃப்ரேம்களாக மாற்றும் வேலை) இன்னும் பாதியில் நிற்கிறது. அனலாக் பால் கேப்சர் மேல் ஃபீல்டு முதலில் வருவது, ஆகவே ஏவிஐசிந்த் மென்பொருளில் அதைச் சொல்லும் அஸ்யூம்டிஎஃப்எஃப் கட்டளை போட்டு, டீஇன்டர்லேஸுக்கு கியூடிஜிஎம்சி, வெளியே விநாடிக்கு 50 ஃப்ரேம். 25 ஆக்கினால் நாதஸ்வரக்காரர் விரல்கள் குதிக்கின்றன. அதை முடிப்பதற்குள் மனசு விஎச்எஸ்-டிகோட் பக்கம் போய்விட்டது. டெக்கின் ஹெட் ஆம்ப்ளிஃபயர் டெஸ்ட் பாயிண்டிலிருந்து ஆர்எஃப் சிக்னலையே (ஹெட் டேப்பிலிருந்து படிக்கும் மூல சிக்னல்) எடுத்து, கோனெக்ஸன்ட் சிஎக்ஸ்2388 வகை பழைய டிவி டியூனர் கார்டில் 28.6 மெகாஹெர்ட்ஸில் பதிந்து, சிங்க் சரிசெய்வது வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்யும் முறை. ரெக்கார்டரே தேவைப்படாது. கார்டு பிசிஐ என்றால் புது மதர்போர்டில் இடமே இருக்காது, பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். டெக்கின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் டெஸ்ட் பாயிண்ட் தேடி சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம். முதலில் மேனுவல், பிறகு கார்டு.