மானுக்கு வாக்கு இல்லை

இன்று காலை கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் பொலித்தீன் சொப்பின் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றது.

மழையில் நனைந்த பை. உள்ளே நேற்றைய இடியப்பம் போல ஏதோ. பறித்தெடுக்கக் கிட்டப் போனேன். அசையவில்லை. திருகோணமலை மானுக்கு மனிதரைக் கண்ட பயம் விட்டுப்போய்க் கனகாலம்.

பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த ஐயா சிரித்தார். "மெம்பர், இதுகளுக்கும் வோட்டு இருந்திருந்தால் குப்பைத் தொட்டிக்கு எப்பவோ மூடி வந்திருக்கும்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

2018க்குப் பிறகு 2025 மே மாதம்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டுப் போன வீடுகளில் சொன்னதெல்லாம் குப்பையும் வடிகால் கானும்தான். பெரிய அரசியல் யாரும் பேசவில்லை. (சரி, ஒருவர் பேசினார். முக்கால் மணி நேரம்.)

வீதி விளக்குகள் கொஞ்சம் எரிகின்றன. என் வட்டாரத்துக் கான் இந்த மாரிக்கும் பொங்கி வழிந்தது. அந்தக் கணக்கு என்னுடையது.

புது வருடத்துக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற சனம் மானுக்குப் பழம் நீட்டிவிட்டுப் பையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தால் போதும். அப்புறம், மூடியுள்ள தொட்டிகள். சபையின் ஜனவரிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழும்பிக் கேட்பேன்.

அந்தப் பை கடைசியில் என் கைக்கு வந்தது. பாதி மட்டும்.